நாதஸ்வரத்துல எங்கய்யா சைலன்ஸ் இருக்கு? (ஒரு சிடி ரெக்கார்டர் புராணம்)

வீட்டுக்கு வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் அதைப் பார்த்துட்டு பழைய டிவிடி பிளேயர்னுதான் நினைக்கிறாங்க. இல்லைங்க, அது சிடி ரெக்கார்டர். கம்ப்யூட்டர்ல சிடி ரைட் பண்றோமே அது வேற. இது டேப் டெக் மாதிரி ரேக்குல உக்காந்திருக்கிற தனி பெட்டி, முன்னாடி சிவப்பா ரெக் பட்டன், லெவல் ஏத்தி இறக்க ஒரு குமிழ், மேலயும் கீழயும் ஓடுற ரெண்டு மீட்டர், பின்னாடி ஆர்சிஏ சாக்கெட். கேசட் டெக்லேர்ந்து ஒயர் சொருகி, பிளே ரெக் அமுக்கினா பாட்டு நேரா சிடில ஏறும். கம்ப்யூட்டர் வேண்டாம், மௌஸ் வேண்டாம், அப்டேட் கேக்காது.

சிடி வந்தது 1982ல. ஆனா அதுல வீட்டுல உக்காந்து நாமளே பதிவு பண்ணலாம்ங்கறது சாதாரண ஆளுக்குக் கிடைக்க இன்னும் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி இருந்த மிஷினெல்லாம் ஸ்டுடியோக்காரங்க விலை. 1997ல பிலிப்ஸ் சிடிஆர்870ன்னு ஒண்ணு விட்டாங்க, அதுக்கப்புறம்தான் வீட்டு விலைக்கு இறங்குச்சு, பின்னாடியே பயனியர், மராண்ட்ஸ், டீயாக், சோனி எல்லாம் வரிசையா. யமஹா ஒருபடி மேல போய் உள்ளயே ஹார்ட் டிஸ்க் வெச்சு, முதல்ல அதுல ஏத்தி வெட்டி ஒட்டிட்டு அப்புறம் சிடிக்கு அனுப்புற மாதிரி செஞ்சான். (அது ஒண்ணு கிடைச்சா இப்பவும் வாங்கிருவேன், வீட்டுல சொல்லிடாதீங்க.) ஆனா கொஞ்ச வருஷத்துலயே கம்ப்யூட்டர் பர்னர் விலை மளமளன்னு இறங்கி, 2001ல ஐபாடும் வந்து, கதை முடிஞ்சுபோச்சு. நம்ம ஊர்க் கடைல இதை நான் பார்த்ததே கிடையாது. வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வர்றவங்க பெட்டில வந்தாத்தான் உண்டு.

என்னோடதும் அப்படி வந்ததுதான். மச்சான் நியூஜெர்சிய காலி பண்ணிட்டு ஊருக்கு வந்தப்ப, "மாப்ள, இதை நீயே வெச்சுக்க, கூட ஒரு பண்டல் டிஸ்க்கும் இருக்கு"ன்னு குடுத்துட்டுப் போனான். அமெரிக்க சாமான், 120 வோல்ட். நம்ம 230ல நேரா சொருகினா அவ்வளவுதான், சங்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல, வோல்டேஜைக் குறைச்சுக் குடுக்கிற ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினேன். அதை கேசட் டெக் பக்கத்துல வைக்கக்கூடாது, டெக்கோட ஹெட் அந்த டிரான்ஸ்பார்மர் காந்தத்தை இழுத்து 'ம்ம்ம்'னு ஒரு உறுமல் குடுக்கும், அதுவும் சேர்ந்து சிடில ஏறிடும். என்னோடது ரேக்கை விட்டுத் தள்ளி தரைல கிடக்கு, வர்றவங்க எல்லாரும் அதுல கால் இடிச்சுக்கறாங்க.

அந்த பண்டல் டிஸ்க்கை ஏன் ஞாபகமா குடுத்தான்னா, இந்த வீட்டு ரெக்கார்டர்கள்ல சாதாரண சிடிஆர் (ஒரே ஒரு தடவை எழுதற காலி சிடி) போட்டா ஏத்துக்காது. கடைல கிடைக்கிற கம்ப்யூட்டர் டிஸ்க்கை உள்ள தள்ளினா தப்பான டிஸ்க்குன்னு சொல்லி வெளிய துப்பிடும். 'மியூசிக்' அல்லது 'டிஜிட்டல் ஆடியோ'ன்னு போட்டிருக்கிற தனி டிஸ்க்தான் வேணும். ரெண்டுக்கும் தரத்துல பெருசா வித்தியாசம் ஒண்ணும் கிடையாது, டிஸ்க் ஆரம்பத்துல முன்கூட்டியே பதிச்சிருக்கிற ஒரு அடையாளம்தான் வித்தியாசம். அமெரிக்கால 1992ல ஒரு சட்டம் போட்டாங்க, வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டருக்கு 2 சதவீதம், அதுக்கான காலி டிஸ்க்குக்கு 3 சதவீதம் ராயல்டி, அது பாட்டுக் கம்பெனிக்கும் கலைஞர்களுக்கும் போகும்னு. அதே டிஸ்க்கை கம்ப்யூட்டருக்குன்னு வாங்கினா அந்த வரி இல்ல, ஏன்னா கம்ப்யூட்டர் அந்தச் சட்டத்துக்குள்ள வரல! அதே சட்டம்தான் எஸ்சிஎம்எஸ்னு ஒரு பூட்டையும் கட்டாயமாக்குச்சு, கடைல வாங்கின சிடிலேர்ந்து டிஜிட்டல் ஒயர்ல ஒரு காப்பி எடுக்கலாம், அந்தக் காப்பிலேர்ந்து இன்னொரு காப்பி எடுக்க விடாது. பக்கத்துலயே கம்ப்யூட்டர்ல ஆயிரம் காப்பி போட்டுட்டு இருந்தான் ஊர்ல பாதிப் பேர். ஒழுங்கா காசு குடுத்து மிஷின் வாங்கினவனுக்குத்தான் பூட்டு. ஸ்டுடியோ மாடல்கள்ல இந்தத் தொல்லை கிடையாது, எந்த டிஸ்க்கும் ஏறும்.

சரி இதை வெச்சு என்ன பண்றேன்னு கேட்டா, கேசட்டுதான். எங்க வீட்டுப் பரண்ல ஒரு டிரங்கு பெட்டி நிறைய இருந்துச்சு. அதுல பாதி எண்பதுகள்ல ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து பதிஞ்சு வாங்கினது. அதையெல்லாம் தொடவே இல்ல, அந்தப் பாட்டெல்லாம் இப்ப போன்லயே அதைவிட நல்லா கிடைக்குது, அதுக்குப் போய் நேரத்தைச் செலவு பண்றது வீண். மீதிப் பாதிதான் விஷயம். அத்தை கல்யாணத்துல வாசிச்ச நாதஸ்வரம், கோயில் திருவிழாவுல யாரோ மைக் பக்கத்துல டேப் ரெக்கார்டரை வெச்சுப் பிடிச்ச கச்சேரி, தாத்தா ரேடியோ முன்னாடி உக்காந்து பதிவு பண்ணின அரங்கிசை, மஸ்கட்லேர்ந்து சித்தப்பா கடுதாசிக்குப் பதிலா பேசி அனுப்பின கேசட். இதெல்லாம் வேற எங்கயும் கிடைக்காது.

ஆட்டோ ட்ராக்னு ஒரு வசதி இந்த மிஷின்ல பெருமையா போட்டிருப்பான். சத்தம் ஒரு அளவுக்குக் கீழ போய் ரெண்டு மூணு செகண்ட் இருந்தா, பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு அடுத்த சத்தம் வந்தவுடனே புது ட்ராக் நம்பர் போட்டுடும். எல்பி ரெக்கார்டு வெச்சிருக்கிற வெள்ளைக்காரனுக்கு இது பிரமாதம், பாட்டுக்கு நடுவுல சுத்தமா இடைவெளி இருக்கும். நம்ம கச்சேரில எங்க இருக்கு இடைவெளி? தம்புரா நிக்காது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல சுருதி ஊதற ஒத்து நிக்காது. வித்வான் வாயில வெச்சு ஊதற சீவாளியை மாத்தறப்பகூட பின்னாடி சுருதி ஓடிக்கிட்டேதான் இருக்கும், தவில்காரர் வார் இழுத்து தட்டிப் பார்ப்பார், பந்தில எவனோ சாம்பார் சாம்பார்னு கத்துவான். கல்யாண கேசட் முழுசையும் ஆட்டோல விட்டா கடைசில ஒரே ஒரு ட்ராக்தான் வரும். இதுக்கு நேர்மாறு உபன்யாசம். பேசறவர் ஒரு வாய் தண்ணி குடிக்க நிறுத்தினா புது ட்ராக், சபையை ஒரு பார்வை பார்த்தா புது ட்ராக். சிடில மொத்தம் 99 ட்ராக்தான், ராமர் மிதிலைக்குப் போறதுக்குள்ள பாதி தீந்துடும்.

அதனால ஆட்டோவை அணைச்சுட்டு பட்டன்ல விரலை வெச்சுக்கிட்டு உக்காரணும். வேகமா ஓட்டவும் முடியாது, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். நிறைய பேர் இதைத்தான் பெரிய குறையா சொல்றாங்க, எனக்கு இதுதான் இந்த மிஷின்ல உருப்படியான விஷயம்னு தோணுது. எங்க வெட்டணும்னு தெரியணும்னா கேட்டே ஆகணும். முதல்ல வாசிக்கிற மல்லாரி முடிஞ்சு ராகம் ஆரம்பிக்கிற இடம் எது? ஆலாபனையும் கீர்த்தனையும் ஒரே ட்ராக்கா, தனித்தனியா? தவில் தனியை (தவில் மட்டும் வாசிக்கிற கட்டம்) ஒரு தனி ட்ராக்கா போட்டா, அது முடிஞ்சு திரும்ப பல்லவியை எடுக்கிறாங்களே, அந்தச் சேர்ற இடம் தனிக்குச் சொந்தமா கீர்த்தனைக்குச் சொந்தமா? நான் அதைத் தனியோட சேர்த்துடுவேன், தீர்மானம்னு முடிவுக் கோர்வை வெச்சு எல்லாரும் ஒண்ணா வந்து விழறதைக் கேக்காம தனி கேட்டு என்ன பிரயோஜனம். என் தங்கச்சி இதை ஒத்துக்கமாட்டா, கீர்த்தனை அந்தரத்துல நிக்குதும்பா. சிடிஆர்ல ஒருதடவை ட்ராக் நம்பர் விழுந்தா விழுந்ததுதான், மாத்தமுடியாது. ஆர்டபிள்யூ டிஸ்க்குன்னா அழிச்சுட்டு மறுபடி போடலாம், ஆனா அது ஒளியை ரொம்பக் கம்மியா திருப்பி அனுப்புறதால பழைய பிளேயர் பலதுல பாடாது.

லெவல் வைக்கிறது அடுத்த தலைவலி. கேசட்ல பதியறப்ப முள்ளு சிவப்புக்குள்ள கொஞ்சம் போனா ஒண்ணும் ஆகாது, டேப் அதை மெத்துன்னு வாங்கிக்கும். டிஜிட்டல்ல அந்தப் பேச்சே இல்ல, மீட்டரோட உச்சியான சைபர் டிபியைத் தாண்டினா அங்கயே தலை வெட்டுப்பட்டு படபடன்னு கிழியும். அதனால முதல்ல கேசட்ல இருக்கறதுலயே பெரிய சத்தத்தைக் கண்டுபிடிச்சு ஓட்டிப் பார்த்து லெவல் வைக்கணும். எங்க அத்தை கல்யாண கேசட்ல அந்தப் பெரிய சத்தம் எதுன்னு சொல்லவே வேண்டாம், கெட்டிமேளம்தான். மனுஷன் தோடியை அவ்வளவு நிதானமா, ஒவ்வொரு இழையா இழைச்சுக்கிட்டு இருக்கார், யாரோ கையை ஆட்டறாங்க, உடனே அந்தத் தோடியை அப்படியே போட்டுட்டு டமடமன்னு கெட்டிமேளம். அத்தைக்குத் தாலி ஏறிடுச்சு. தோடி திரும்ப வரவே இல்ல, அடுத்தது ஆனந்தபைரவி. அந்த அரை நிமிஷக் கெட்டிமேளத்துக்காக மொத்தக் கேசட்டுக்கும் லெவலைக் குறைச்சு வைக்கணும், இல்லேன்னா அந்த இடம் வர்றப்ப கையால இறக்கி ஏத்தணும். நான் குறைச்சே வெச்சுடுவேன், சத்தம் வேணும்னா ஆம்ப்ளிபயர்ல கூட்டிக்கலாம்.

அதுக்கும் முன்னாடி டெக்கைச் சரி பண்ணணும், இதை யாரும் சொல்றதில்ல. வேற வேற டேப் ரெக்கார்டர்ல பதிஞ்ச கேசட்டுல ஹெட்டோட சாய்வு வேற வேற மாதிரி இருக்கும், அதனால உங்க டெக்ல போட்டா மூக்கடைச்ச மாதிரி கேக்கும். ஹெட் பக்கத்துல இருக்கிற குட்டி ஸ்க்ரூவை சின்ன டிரைவரால துளித்துளியா திருப்பினா திடீர்னு ஜால்ரா தெளிவா கேக்கும் பாருங்க, அந்த இடத்துல நிறுத்திடணும். வேகமும் அப்படித்தான், பேட்டரி வீக்கா இருந்தப்ப பதிஞ்ச கேசட்னா இப்ப ஓட்டறப்ப சுருதி ஏறிக் கேக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கிற டெக்கா இருந்தா பிழைச்சீங்க. ரெக்கார்டர் இதையெல்லாம் சரி பண்ணாது, வர்றதை அப்படியே எழுதி வெச்சுக்கும்.

60 நிமிஷ கேசட் ஒரு டிஸ்க்ல அழகா அடங்கும். 90 அடங்காது, டிஸ்க் 74 இல்ல 80 நிமிஷம்தான். அதனால ஒவ்வொரு சைடும் 45 நிமிஷம்னு ரெண்டு டிஸ்க் போகும், இல்லேன்னா எதை விடறதுன்னு வீட்டுல சண்டை. போதாக்குறைக்கு கல்யாணத்துல கேசட்டைத் திருப்பிப் போட ஆள் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு நிமிஷம் போயிருக்கும், ஏ சைடு ஒரு ஸ்வரத்துல அறுந்து பி சைடு வேற எங்கயோ ஆரம்பிக்கும்.

எல்லாம் ஏத்தி முடிச்சதும் பைனலைஸ் பண்ணணும். அதுவரைக்கும் எங்க என்ன இருக்குங்கற குறிப்பு டிஸ்க்ல ஒரு தனி மூலைல தற்காலிகமாத்தான் இருக்கும், அது இந்த மாதிரி எழுதற மிஷினுக்குத்தான் புரியும், சாதாரண பிளேயருக்குப் புரியாது. பைனலைஸ் பண்ணினாத்தான் மத்த பிளேயருக்குப் புரியற அட்டவணை ஏறும். என் மிஷினுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா டிஸ்க் அதோ கதி. 2012 வாக்குல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாம இருந்தோமே, அப்ப இன்வெர்ட்டர்லேர்ந்து ஸ்டெப்டவுனுக்கும் அங்கேர்ந்து ரெக்கார்டருக்கும் ஒயர் இழுத்து, ஃபேனை அணைச்சுட்டு வேர்க்க வேர்க்க உக்காந்து பைனலைஸ் பண்ணியிருக்கேன்.

இப்ப ஒருத்தர் புதுசா இதை வாங்கலாமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். யூஎஸ்பில சொருகற ஒரு சின்ன ஆடியோ பெட்டியும் லேப்டாப்பும் போதும், டிஸ்க் செலவும் இல்ல. ஆனா ஒண்ணு, லேப்டாப்ல ஏத்தினவங்க எத்தனை பேர் அதை வெட்டி பேர் போட்டு முடிச்சிருக்காங்க? எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் 'சைடு ஏ புதுசு 2'ன்னு ஒரு ஃபைலை வெச்சுக்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்காங்க. இதுல அந்த அப்புறமே கிடையாது, கேசட் முடியறப்ப வேலையும் முடிஞ்சுடும். முடிஞ்ச சிடியை நான் கம்ப்யூட்டர்ல போட்டு ஃப்ளாக்னு (FLAC) தரம் குறையாத ஆடியோ ஃபைலா எடுத்து ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல வெச்சுடறேன், சிடிஆர்ல பதிவு நிக்கறதே ஒரு சாயத்துலதான், அதை நம்பி மட்டும் எதையும் விடமுடியாது, வெயில் பட்டா வெளுத்துடும். மேல எழுதறதுக்கும் பால்பாயின்ட் பேனா கூடாது, சிடி மார்க்கர்தான்.

பழசு கிடைச்சு வாங்கியே தீருவேன்னு நிக்கறவங்க ரிமோட் இருக்கான்னு பாருங்க, சில மாடல்கள்ல பாதி வேலை ரிமோட் இல்லாம நடக்காது. அப்புறம் சிடி பாடறதை மட்டும் கேட்டுட்டு காசு குடுத்துடாதீங்க, ஒரு காலி டிஸ்க் கொண்டுபோய் பதிஞ்சு பைனலைஸ் வரைக்கும் பண்ணிப் பாருங்க. பாடறதுக்கு லேசருக்குக் கொஞ்சம் தெம்பு போதும், எழுதறதுக்கு நிறைய வேணும், அதனால எழுத முடியாம போன பிறகும் பாடிக்கிட்டுதான் இருக்கும். 52 மடங்கு வேகம்னு போட்ட டிஸ்க் இந்தக் கிழவனுங்களுக்கு அவ்வளவா ஒத்துவராது, மெதுவான பழைய ஸ்டாக் கிடைச்சா எடுத்துப் போட்டுக்கங்க.

மச்சான் குடுத்த பண்டல் கிட்டத்தட்ட தீந்துடுச்சு, சித்தப்பாவோட மஸ்கட் கேசட்டுங்க இன்னும் பாதி பாக்கி. யார் வீட்டுப் பரண்லயாவது 'மியூசிக்'னு போட்ட சிடிஆர் பிரிக்காம கிடந்தா சொல்லுங்க, வண்டியை எடுத்துக்கிட்டு நானே வந்து வாங்கிக்கறேன்.