ஒருவழியா ஓரினோக்கோ தண்ணி செட் ஆயிடுச்சு

வெனிசுலாவுல ஓரினோக்கோ ஆத்து மேல நிக்குற அங்கோஸ்துரா தொங்குபாலத்தோட டயோரமாவுக்கு (சின்ன அளவு மாடல் காட்சி) ரெசின் (ஊத்தினா தண்ணி மாதிரி இறுகுற பிசின்) ஊத்தி முடிச்சாச்சு மக்களே, சும்மா சொல்லக்கூடாது, கலர் அப்படியே வந்து நிக்குது. ஸ்கேல் 1:1000, பாலத்தோட நடு ஸ்பேன் (ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல உள்ள தூரம்) 712 மீட்டர், அதனால போர்டுல 71 சென்டிமீட்டர் வருது.

ஓரினோக்கோல பாதிப் பேர் சறுக்குறது எங்கன்னா கண்ணாடி மாதிரி தெளிவா ஊத்திடுறாங்க. அது வண்டல் ஆறுங்க, அடி தெரியவே கூடாது. மஞ்சள் காவி, கொஞ்சம் செங்காவி, அதுல ஊசி முனையளவு வெள்ளை. இந்த வெள்ளைதான் சூட்சுமம், அது இல்லன்னா டீ டிகாஷன் மாதிரி இருக்கும், கூடிப்போனா பெயின்ட் அடிச்ச மாதிரி ஆயிடும். அடி லேயர் விரல்ல ஒட்டுற பதத்துக்கு வந்ததும் மேல் லேயரை ஊத்தணும், முழுசா காய விட்டா நடுவுல கோடு தெரியும்.

பெரிய தலைவலி பியெத்ரா தெல் மெதியோதான், சியுடாட் பொலிவார் ஊருக்கு எதிர நட்டாத்துல நிக்குற பாறை. ஊர்க்காரங்க ஆத்து மட்டத்தையே அதை வச்சுதான் பாக்குறாங்க, மார்ச்ல கோடையில நல்லா வெளிய நிக்கும், ஆகஸ்ட் வெள்ளத்துல தண்ணி 10 மீட்டருக்கு மேல ஏறிடும், அதாவது நம்ம ஸ்கேல்ல ஒரு சென்டிமீட்டருக்கும் மேல. அந்த இடத்துல பிளாஸ்டர் பாறை ரெசினை உறிஞ்சி, ரெசின் மேல ஏறுச்சுன்னா மட்டமே பொய்யாயிடும். பாறைக்கு மேட் வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சு காயவச்சு ஊத்துனேன், ஒரு மில்லிமீட்டர் கூட ஏறல. கல்லுக்குப் பின்னாடி சுழிக்கு கிளாஸ் ஜெல் (பளபளன்னு கெட்டியா காயுற பசை), பழைய பிரஷ்ல குத்திக் குத்தி எடுத்தது. (பாலம் ஊர்ல இருந்து ஆத்து மேல்பக்கம் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு, ரெண்டையும் ஒரே போர்டுல நெருக்கி வச்சிருக்கேன், திட்டுறவங்க திட்டிக்கோங்க.)

ஹார்டனர் (ரெசினை இறுக வைக்குற திரவம்) வாங்கின ஆன்லைன் கடை பேரைச் சொல்ல விரும்பல, தேதி தாண்டின டப்பா மேல புது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புறான், ஸ்டிக்கரை உரிச்சுப் பாத்து வாங்குங்க.

பேர்ப்பலகைலதான் குழப்பம். ஊரோட பழைய பேரு அங்கோஸ்துரா, 1846லயே சியுடாட் பொலிவார் ஆயிடுச்சு, விடுதலைத் தலைவர் பொலிவார் 1819ல காங்கிரஸ் கூட்டின ஊராச்சே. ஆனா 1967ல பாலம் திறந்தப்ப பழைய பேரைத்தான் வச்சாங்க, 1824ல அங்க இருந்த டாக்டர் சீகர்ட் உருவாக்கின பிட்டர்ஸ் (மூலிகைக் கசப்புச் சாறு) பாட்டில்லயும், அது டிரினிடாட் போன பிறகும், அதே பேருதான். அங்கோஸ்துரான்னே வெட்டிட்டேன்.

கேபிள் இன்னும் தொடல, செம்புக் கம்பி அப்படியே சுருளா கிடக்கு. அதுக்குள்ள மனசு பிரேசில்ல இருக்குற மனௌஸ் பக்கம் ஓடுது, கருப்பு நெக்ரோ ஆறும் காவி சொலிமோயிஸ் ஆறும் கலக்காம பக்கத்துல பக்கத்துல போற இடம். ஒரே ஊத்துல ரெண்டு கலர், நடுவுல தடுப்பு வைக்காம வருமான்னு ஒரு சோப்பு டப்பாவுல டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கு.