சண்டை அங்கே, வளையல் இங்கே

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை. கடை திறக்கும்போதே ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நகைக்கடையில் பழைய தங்கம் வாங்கும் கவுன்டர் அப்போது என் பொறுப்பு.

போர் என்றால் தங்கத்துக்குக் கிராக்கி கூடும் என்பார்கள். கடைக்குள் நான் பார்த்தது அவ்வளவு நேரானதாக இல்லை. காசும் பிஸ்கட்டும் கேட்டு வந்தவர்கள் கூடினார்கள். கல்யாண நகை பார்க்க வந்தவர்கள் ரேட்டைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். மார்ச் 8 அன்று உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 2,070 டாலரை ஒட்டிப் போனது. இங்கே சவரன் 40,000 ரூபாயைத் தாண்டியது. என் கவுன்டரில் வரிசை நீண்டது.

அந்த வாரம் ஓர் அம்மா வந்தார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். 11 மாதம் நகைச்சீட்டு கட்டியிருந்தார். மாதாமாதம் பணமாக வரவு வைக்கிற சீட்டு அது. பணம் அப்படியே இருந்தது, அதற்குக் கிடைக்கும் கிராம்தான் குறைந்துவிட்டது. கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி வைத்தார்.

"எங்கேயோ சண்டை, அதுக்கு என் வளையல் ஏன் தம்பி போகணும்?"

பதில் எனக்குத் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. பயம் வந்தால் பெரிய முதலீட்டாளர்கள் தங்கத்துக்கு ஓடுகிறார்கள். ரஷ்யா வெளிநாடுகளில் வைத்திருந்த சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின; சொந்தப் பெட்டகத்தில் உள்ள தங்கத்தை அப்படி முடக்க முடியாது. மத்திய வங்கிகள் அந்த ஆண்டு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் கதை வேறு: சுரங்கத்திலிருந்து வருவதில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவுடையது, வரத்து நின்றுவிடுமோ என்றே அது அவுன்ஸுக்கு 3,400 டாலரைத் தாண்டியது.

ஒன்றை மட்டும் அவருக்கு விளக்கினேன். பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தால், ஏறிய ரேட் கொடுக்கிற தங்கத்துக்கும் உண்டு. அடிபடுவது சேதாரத்தில், அது எடையில் இத்தனை சதவீதம் என்பதால் ரேட்டோடு சேர்ந்து ஏறும். அதனால் சேதாரம் குறைவான, வேலைப்பாடு அதிகமில்லாத சங்கிலியாகப் பாருங்கள் என்றேன். அப்படியே எடுத்தார்.

அரக்கைக் கழித்து எடை போட்டபோது வளையலின் உள்பக்கம் தேய்ந்த ஓர் எழுத்து தெரிந்தது. மாமியார் பெயராம். சாயங்காலம் உருக்கப் போன தட்டில் அதுவும் இருந்தது.