பனீர் தண்ணியும் சுண்ணாம்பும்

கோபி பக்கம் எங்க மாமா பையன் பனீர் போடறான். ஒரு நாளைக்கு 600 லிட்டர் பசும்பால். பால நல்லா சுட வெச்சு சிட்ரிக் ஆசிட் ஊத்தி திரிய விட்டு, துணியில கட்டி பாரம் வெச்சா 90 கிலோவுக்கு மேல பனீர் நிக்கும், மிச்சம் ஒரு 500 லிட்டர் மஞ்சளும் பச்சையுமா தண்ணி வடியும். மூணு வருசமா அத தோட்டத்துலயே ஒரு குழி வெட்டி விட்டுட்டு இருந்தாங்க. போன கோடையில கெணத்துத் தண்ணி நாறிப்போச்சு, குழியோரம் நின்ன ரெண்டு தென்னையும் மட்டை மஞ்சளாகி குரும்பைய கொட்டிருச்சு. அத்தை என்கிட்ட கேட்டாங்க, "பாலுதான கண்ணு, பாலு எப்படி கெணத்தக் கெடுக்கும்?"

அந்தக் கேள்விதான் என்னய விடலீங்க.

அந்தத் தண்ணியில 4.5ல இருந்து 5 சதவீதம் வரைக்கும் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை இருக்கு. மண்ணுல இருக்கற கிருமி இந்த சர்க்கரைய திங்க ஆரம்பிச்சா அங்க இருக்கற ஆக்சிஜன பூரா இழுத்துக்கும், வேருக்கு மூச்சு கெடைக்காது, கெணத்துக்கு எறங்கற தண்ணியும் நாறிப்போகும். பிஓடின்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, தண்ணியில இருக்கற அழுக்க கிருமி திங்கறதுக்கு எவ்வளவு ஆக்சிஜன் இழுக்கும்ங்கறதுதான் அது, வீட்டு சாக்கடைக்கு அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம், பனீர் தண்ணிக்கு 30,000க்கு மேல. 500 லிட்டருக்குப் போட்டுப் பாத்தா தெனமும் ஒரு முந்நூறு நானூறு பேரோட சாக்கடைய நம்ம தோட்டத்துக்குள்ள விட்ட மாதிரி. திருப்பூர் சாயத்தண்ணி கலந்து நொய்யல் ஆறு என்ன ஆச்சுன்னு கண்ணால பாத்த ஊர்க்காரங்க நாம, பால்ல இருந்து வந்தா கெடுதல் இல்லைன்னு நெனச்சுட்டோம். மாட்டுக்கு கொஞ்சம் வெக்கலாம்தான், ஆனா அவங்க கட்டுத்தாரையில நிக்கறது நாலே உருப்படி.

ஆனா அதே சர்க்கரைய சரியான பாக்டீரியாகிட்ட குடுத்தா லாக்டிக் ஆசிட்டா மாத்திக் குடுத்துரும். தயிர் புளிக்கறதே அதுனாலதான். 1780லயே ஷீலேங்கற கெமிஸ்ட் புளிச்ச பால்ல இருந்து இத பிரிச்சு எடுத்துட்டாரு. லாக்டோஸ் ஒரு மூலக்கூறுல இருந்து லாக்டிக் ஆசிட் நாலு வரும், கழிவுன்னு ஒண்ணும் இல்லாம கிட்டத்தட்ட எடைக்கு எடை கெடைக்கும்.

ரெண்டு கேன்ல பத்து பத்து லிட்டர் எடுத்து கொதிக்க வெச்சு, 43 டிகிரிக்கு ஆற விட்டு, நல்ல தயிர் ஊத்தி தெர்மாகோல் பொட்டிக்குள்ள வெச்சோம். மொதல் கேன் மறுநாளே புளிச்சுது, அப்பறம் அப்படியே நின்னு போச்சு. புளிப்பு அளக்கற பிஹெச் பேப்பர்ல பாத்தா 4க்குக் கீழ, அதாவது நல்ல புளிப்பு. தான் செஞ்ச புளிப்பே பாக்டீரியாவுக்கு ஆகாதுங்க, சர்க்கரை பாதிக்கு மேல மிச்சம் இருக்கும்போதே வேலைய நிறுத்திரும். ரெண்டாவது கேன்ல சுண்ணாம்புக்கல் மாவு, அதாவது கால்சியம் கார்பனேட், கொஞ்சம் கொஞ்சமா போட்டு கலக்கிட்டே இருந்தோம், நுரை நுரையா கேஸ் கெளம்புச்சு, புளிப்பு ஏறவே இல்ல, பாக்டீரியாவும் மூணு நாள் ஓஞ்சு நிக்காம வேலை செஞ்சுது. அத வடிகட்டி காச்சி சுண்ட வெச்சு ராத்திரி ஆற விட்டதுல காலையில அடியில பழுப்பா உப்பு மாதிரி படிஞ்சிருந்துச்சு. கால்சியம் லாக்டேட்! சுண்ணாம்புல இருக்கற கால்சியமும் லாக்டிக் ஆசிட்டும் சேந்த உப்பு. 400 கிராம் சொச்சம். மாமா பையன் அத கையில அள்ளி வெச்சுட்டு, "ஏ மாப்ள, இத்தன நாளா இதயா குழியில ஊத்தினேன்?"னான். எனக்கு தொண்டை அடச்சுப் போச்சு.

பனீர் தண்ணியில ஒரு சிக்கலும் இருக்கு. பால 90 டிகிரி வரைக்கும் சுட வெக்கறதுனால புரோட்டீன் பெரும்பாலும் பனீரோடயே போயிரும், வடியற தண்ணியில சர்க்கரை இருக்கு, பாக்டீரியா வளர்றதுக்கு சத்து இல்ல. ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போட்டா பிச்சுக்கிட்டு வளரும், ஆனா விலை கட்டாது. மக்காச்சோள ஸ்டார்ச் கம்பெனியில சோளம் ஊறவெச்ச தண்ணிய சுண்ட வெச்சது கெடைக்கும், அதயும் போடறாங்க, அதுதான் நமக்கு ஆகும்னு தோணுது.

இன்னும் பெரிய கஷ்டம் பிரிச்செடுக்கறது. கால்சியம் லாக்டேட்ல இருந்து ஆசிட்ட எடுக்க சல்பூரிக் ஆசிட் ஊத்தணும், அது தோட்டத்துல வெச்சு பண்ற வேலை இல்லீங்க, அதுவுமில்லாம ஒரு டன் லாக்டிக் ஆசிட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு டன் ஜிப்சம் கழிவா நிக்கும். விறகு செலவு தனி. 1,000 லிட்டர்ல இருந்து 40 கிலோ கெடைச்சாலும் மிச்சம் 950 லிட்டர் தண்ணிய ஆவியாக்கணுமே. ஒத்த ஆளா பனீர் போடறவன் இதுல எறங்கினா கடன்லதான் நிப்பான், நாலஞ்சு பேரு சேந்து ஒரே டேங்க் போட்டாத்தான் ஆகும்.

வாங்கறதுக்கு ஆள் நம்ம ஊர்லயே இருக்கும்னு நம்பறேன். ஈரோட்டுல தோல் பதனிடறாங்க, தோல்ல ஏறின சுண்ணாம்ப எடுக்க லாக்டிக் ஆசிட் ஒத்து வரும். நாமக்கல் பூரா கோழிப்பண்ணை, கோழிக்கு குடிதண்ணியில கலக்கற ஆசிட் கலவைகள்லயும் இது சேரும். மக்கற பிளாஸ்டிக் பிஎல்ஏவும் இதுல இருந்துதான் வருது, ஆனா லாக்டிக் ஆசிட்ல எல், டின்னு கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு வகை உண்டு, பிளாஸ்டிக்குக்கு பெரும்பாலும் எல் வகை வேணும், தயிர்ல இருக்கற பல்கேரிகஸ்ங்கற பாக்டீரியா குடுக்கறது டி வகை, அதனால அந்தப் பக்கம் போறதுன்னா வேற பாக்டீரியா கல்ச்சர் வாங்கணும்.

இப்ப குழிய மூடியாச்சு. தண்ணி பாதி கட்டுத்தாரைக்கும் அக்கம்பக்கத்து மாட்டுக்கும் போகுது, மீதிக்கு பக்கத்து ஊர்ல பனீர் போடற மூணு பேருகிட்ட பேசிட்டு இருக்கோம். ஒருத்தரு மட்டும் சரின்னுருக்காரு, இந்த ஞாயித்துக்கெழம அவரு வந்து கேனத் தொறந்து பாக்கறேன்னு சொல்லிருக்காருங்க.