மார்பகக் குறைப்பு அறுவை: முடிவெடுப்பதும் தயாராவதும்

கழுத்துவலிக்கு எலும்பு மருத்துவர், மார்புக்கு அடியில் வியர்த்துப் புண்ணாவதற்குத் தோல் மருத்துவர், விரல் மரத்துப்போனால் நரம்பு மருத்துவர் என்று தனித்தனியாக அலைந்திருப்போம். இத்தனைக்கும் காரணம் மார்பின் பாரம்தான் என்று கடைசியில் ஒருவர் சொல்வார். அதுவரை சேர்ந்த சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதிவாரியாக ஒரு கோப்பில் அடுக்குங்கள். தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம், மடிப்பில் வரும் சிவப்பு ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பிசியோதெரபி செய்திருந்தால் அந்த ரசீதும் வேண்டும். மருத்துவக் காரணம் இருக்கிறது என்று காட்ட இவைதான் கையில் இருக்கும்.

யாரிடம் காட்ட? காப்பீட்டு நிறுவனத்திடம். இந்தியாவில் எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில் அழகு அறுவையும் பிளாஸ்டிக் அறுவையும் உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியாக, உடனடியாக இருக்கும் ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் மட்டும் விதிவிலக்கு. பின்னதற்கு மருத்துவர் எழுத்தில் சான்று தர வேண்டும். "தோள்வலி உடனடி ஆபத்தா?" என்ற கேள்வியில்தான் பல விண்ணப்பங்கள் சிக்கும். எனவே முன் அனுமதி கேளுங்கள். ஆனால் கைக்காசை வைத்துத் திட்டமிடுங்கள். மதிப்பீடு வாங்கும்போது மயக்க மருந்து, அறை, திசுப் பரிசோதனை, மறு டிரெஸ்ஸிங் எல்லாம் அதில் அடக்கமா என்று கேளுங்கள். அழகு அறுவை என்று பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். செலவு தாங்காதவர்கள் சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளிப் பிரிவில் விசாரிக்கலாம்.

சிலர் கொஞ்சம் பொறுப்பது நல்லது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், பெற்றுப் பாலூட்டி முடித்து குறைந்தது ஆறு மாதம் கழித்துச் செய்யலாம். அறுவையில் பால் நாளங்கள் சில அறுபடும். பிறகு பால் சுரக்குமா, எவ்வளவு சுரக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கர்ப்பமானால் மார்பு மறுபடி பெரிதாகவும் கூடும். எடை ஏறியிறங்கிக்கொண்டிருந்தால் முதலில் அது நிலைக்கட்டும். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 35-ஐத் தாண்டினால் புண் ஆறுவதில் சிக்கல் கூடும் என்பதால் பல மருத்துவர்கள் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். "எடை குறைத்தால் மார்பும் தானே குறையுமே" என்று வீட்டில் சொல்வது பாதிதான் சரி. கொழுப்பு அதிகமுள்ள மார்பு ஓரளவு குறையும். சுரப்பித் திசு அதிகமானால் அசையாது.

மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி என்ற சிறப்பு மேற்படிப்பை முடித்தவராக இருக்க வேண்டும். விளம்பரப் பலகையில் 'காஸ்மெடிக்' என்று போட்டிருப்பது தகுதி ஆகாது. நல்லவர் முதல் சந்திப்பிலேயே அளவுநாடாவை எடுப்பார். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள குழியிலிருந்து காம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று பார்ப்பார். தொங்காத மார்பில் இது சுமார் 19 முதல் 21 வரை இருக்கும். தூரம் கூடக் கூட, காம்பை அதன் ரத்த ஓட்டத்தோடும் நரம்போடும் மேலே நகர்த்துவது கடினமாகும். மிகப் பெரிய மார்பில் காம்பை முழுதாக எடுத்து ஒட்டவைக்க நேரலாம். அப்படிச் செய்தால் பாலூட்ட முடியாது, உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். "என் விஷயத்தில் அதற்கு வாய்ப்பு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். ஒவ்வொரு பக்கமும் எத்தனை கிராம் எடுப்பார் என்பதையும் கேளுங்கள். கப் அளவைச் சொல்லி வாக்குக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன். கப் அளவு பிராவுக்குப் பிரா மாறும், கிராம் மாறாது.

தழும்பு கட்டாயம் இருக்கும். கொஞ்சமாகக் குறைப்பவர்களுக்குக் காம்பைச் சுற்றி ஒரு வட்டமும், கீழ்நோக்கி ஒரு கோடும். அதிகம் குறைப்பவர்களுக்கு மார்பு மடிப்பிலும் ஒரு கோடு சேர்ந்து நங்கூரம் போல வரும். எனக்குச் செய்தது இந்த வகை. இந்தக் கோடுகள் கூடும் முச்சந்தியில் தோல் இறுக்கம் அதிகம், ரத்தம் குறைவு. அந்த இடத்தில் தையல் சற்றே பிரிந்து, சில வாரம் டிரெஸ்ஸிங்கில் ஆறுவது மிகச் சாதாரணம். அதைக் கண்டு பதற வேண்டாம். நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ ஏற்கெனவே தடித்திருந்தால் அதைக் காட்டிவிடுங்கள். சிலிக்கான் ஜெல், பட்டை, ஊசி எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்படும்.

தயாரிப்பை இரண்டு மாதம் முன்பே தொடங்கலாம். முதலில் ஹீமோகுளோபின். நம் பெண்களில் நிறையப் பேருக்கு 12-க்குக் கீழேதான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும். அறுவைக்கு முந்தைய வாரம் பார்த்துப் பயனில்லை, தேதிதான் தள்ளிப்போகும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராம், இளையவர்களுக்குப் பொதுவாக அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். கட்டி ஏதாவது இருந்தால் முன்பே தெரிய வேண்டும்.

நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். காம்பு கருகிப்போகும் அபாயம் அதில்தான் அதிகம். குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகை மட்டும்தான் என்று எண்ணாதீர்கள். வெற்றிலையோடு போடும் புகையிலையும் நிக்கோட்டின் சூயிங்கமும் இதே கணக்குதான். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை, விட்டமின் இ, சித்த மருந்து, கருத்தடை மாத்திரை எதையும் மறைக்காமல் பட்டியலிட்டு மயக்க மருத்துவரிடம் கொடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். இதய மருத்துவர் கொடுத்த ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் மேல் தட்டில் இருப்பதையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். முதல் சில வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கொடியில் துணி போடுவது, பின்னல் போடுவது, குக்கர் தூக்குவது, குழந்தையை இடுப்பில் வைப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு மூன்று, முன்பக்கம் திறக்கும் கம்பியில்லாத பிரா இரண்டு. பிரா அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய அளவில் வாங்கினால் தாங்காது. மல்லாந்து, தலையை உயர்த்தித்தான் தூங்க வேண்டும் என்பதால் கூடுதல் தலையணை தேவை. பாயில் படுப்பவர்கள் அந்த மாதம் கட்டிலுக்கு மாறுங்கள். தரையில் கையூன்றி எழும்போது தையல் இழுபடும். அலுவலக வேலைக்கு இரண்டு வாரம், ஸ்கூட்டருக்கு நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அறுவை அன்றைக்குத் திட உணவு ஆறு மணி நேரம் முன்பும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மயக்கத்துக்கு முன், நிற்க வைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு சரிந்து அளவு மாறிவிடும். கூச்சமாக இருந்தால் பெண் செவிலியர் உடனிருக்கச் சொல்லிக் கேட்கலாம். அறுவை மூன்று மணி நேரம் வரை போகும். ரத்த நீர் வடிய எனக்கு டிரெயின் குழாய் வைத்தார்கள், எல்லாருக்கும் வைப்பதில்லை.

முதல் நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகினால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காம்பு கருநீலமாவது, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் உடனே போக வேண்டும். எடுத்த திசு கட்டாயம் நோயியல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். சில மாதம் கழித்து கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் பெரும்பாலும் கொழுப்பு செத்து உறைந்ததாக இருக்கும், ஆனாலும் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம்கூட ஆகலாம். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.