கடிகாரம் சரியாகத்தான் இருந்தது

காட்டுயிர் ஆய்வில் வேலை என்றால் கேட்பவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள். நானோ ஆண்டில் பாதி நாட்கள் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மரங்களில் கட்டி வைத்த தானியங்கி கேமராக்கள் எடுத்த படங்கள் மெமரி கார்டுகளில் வந்து சேரும். ஒவ்வொரு படத்தையும் திறந்து, அதில் இருப்பது என்ன என்று குறிக்க வேண்டும். திரையின் ஓரத்தில் விலங்குகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே மூன்று கட்டங்கள்: கால்நடை, மனிதர், வெற்று.

நான் அதிகம் அழுத்தியது 'வெற்று'தான். இந்தக் கேமராவுக்கு விலங்கு எது, புல் எது என்று தெரியாது. எதிரே இருக்கும் வெப்பம் சட்டென்று இடம் மாறினால் படம் பிடிக்கும், அவ்வளவுதான். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினால் போதும், ஒரே பிற்பகலில் நூற்றுக்கணக்கான புல் படங்கள் சேர்ந்துவிடும். விலங்குகள் நிறைந்த தான்சானியாவின் செரங்கெட்டியில் 2010 முதல் 2013 வரை 225 கேமராக்கள் எடுத்த சுமார் 12 லட்சம் படத் தொகுதிகளில், விலங்கு இருந்தவை ஏறக்குறைய 3 லட்சத்து 22 ஆயிரம்தான். செரங்கெட்டிக்கே அந்தக் கதி என்று படித்த அன்று எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அதற்கு அடுத்தபடி அதிகம் அழுத்தியது 'மனிதர்'. நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர், கைபேசியில் பேசிக்கொண்டே நடக்கிறவர், கேமராவைக் கண்டுபிடித்துப் பல்லைக் காட்டுகிறவர். ஒருவர் அதன் கண்ணாடியில் முகம் பார்த்து நிதானமாகத் தலை சீவிக்கொண்டு போனார். முகம் தெரியும் படங்களை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. குறித்துவிட்டு நீக்கிவிட வேண்டும், கணக்கிலும் சேர்ப்பதில்லை. நாம் எண்ணுவது விலங்குகளைத்தானே என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்படி நீக்கும் படங்களில் எங்களுடையதும் உண்டு. கேமராவைக் கட்டி முடித்ததும், அது சரியான உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருவர் அதன் முன்னால் விலங்கைப்போலத் தவழ்ந்து போவார். முழங்கால் தேய்கிற வேலை என்பதால் அது எப்போதும் இளையவன் தலையில்தான் விழும். ஆகவே எந்த மெமரி கார்டைத் திறந்தாலும் முதல் படத்தில் நான் நான்கு காலில் இருப்பேன்.

சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு பிழை செய்தேன். அப்போது எங்களிடம் இருந்த கேமராக்களில் பேட்டரி மாற்றினால் கடிகாரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், மறுபடி நேரம் வைக்க வேண்டும். ஒரு கேமராவில் முற்பகலுக்குப் பதிலாகப் பிற்பகல் என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் படங்களைப் பார்த்த மூத்தவர் என்னைக் கூப்பிட்டார். படத்தின் அடியில் பகல் ஒரு மணி என்று இருந்தது. படமோ கறுப்பு வெள்ளை. இருட்டில் மட்டும்தான் கேமரா அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கும், அதில் நிறம் வராது. "பகல் ஒரு மணிக்குச் சூரியனை யார் தம்பி அணைத்தார்கள்?" என்று கேட்டார். ஒரு மாதப் படங்களின் நேரத்தையும் 12 மணி நேரம் நகர்த்தித் திருத்தினோம். அதன்பிறகு எந்த எண் விநோதமாகத் தெரிந்தாலும் நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓடைக்கரைக் கேமரா ஒன்றில் எந்த மணிக்கு எத்தனை படம் என்று காட்டும் நேர வரைபடத்தைப் போட்டேன். முந்தைய ஆண்டுகளில் மான்கள் அங்கே முற்பகல் பத்து மணியை ஒட்டி நீர் குடிக்க வந்தன. வரைபடத்தில் அந்த இடம் மேடு கட்டியிருக்கும். இந்த முறை அந்த மேடு அப்படியே இரவு பத்து மணிக்குப் போயிருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். மறுபடியும் நானேதான் என்று காது சுட்டது. மூத்தவர் பார்ப்பதற்குள் திருத்திவிடலாம் என்று நேரத்தை நகர்த்தும் சூத்திரத்தையும் எழுதிவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று படங்களைத் திறந்தேன். இரவு பத்து மணி என்று போட்டிருந்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. மான்களின் கண்கள் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தன. அப்போதும் நம்பவில்லை. பகலில் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று தேடினால், அட்டவணையில் பகலே கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. நீக்க வேண்டிய படங்களைப் போட்டு வைக்கும் கோப்புறையை இன்னும் அழிக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதில் இருந்தன, முற்பகல் பத்து மணிப் படங்கள், முழு நிறத்தில்: தொப்பிகள், முதுகுப் பைகள், ஓடையில் கால் நனைக்கும் ஒரு குடும்பம். அந்த ஆண்டுதான் ஓடைப் பாதையை நடைப்பயணிகளுக்குத் திறந்திருந்தார்கள். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது. பகல் பத்து மணியை நாம் எடுத்துக்கொண்டோம். மான்கள் இன்னொரு பத்து மணிக்குப் போய்விட்டன.

யாரும் துரத்தவில்லை, கல்லெறியவில்லை. நடந்து போனார்கள், அவ்வளவுதான். 2018-ல் சயன்ஸ் இதழில் கெய்ட்லின் கெய்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது எங்கள் ஓடை தனிக்கதை அல்ல என்று புரிந்தது. ஆறு கண்டங்களில் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய 76 ஆய்வுகளை அவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். மனிதத் தொந்தரவு உள்ள இடங்களில் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு ஆகிறது. பகலுக்குப் பாதி, இரவுக்குப் பாதி என்று வாழ்ந்த விலங்கு, 68 விழுக்காட்டை இரவுக்கு மாற்றிக்கொள்கிறது. வேட்டைக்காரரும் சும்மா நடப்பவரும் ஏற்படுத்தும் விளைவில் பெரிய வேறுபாடு இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நான் என்னைச் சும்மா நடப்பவர்களில் சேர்த்து வைத்திருந்தேன்.

பாலூட்டிகள் பகலில் வெளியே வரத் தொடங்கியதே, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசார்கள் அழிந்த பிறகுதான் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இப்போது அந்தப் பகலைத் திருப்பிக் கொடுக்கின்றன. அதற்கு விலை உண்டு. பகலில் மேய்ந்து பழகிய விலங்கு இரவில் மேயப் போனால், இரவில் வேட்டையாடும் விலங்கின் நேரத்துக்குள் காலை வைக்கிறது.

2018-லேயே இன்னொரு கணக்கும் வந்தது. உலகிலுள்ள பாலூட்டிகள் அனைத்தையும் எடை போட்டால் கால்நடைகள் 60 விழுக்காடு, மனிதர்கள் 36, காட்டு விலங்குகள் 4. இதைப் படித்துவிட்டு என் திரையைப் பார்த்தேன். எண்ணுவதற்காக வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருந்த விலங்குகளெல்லாம் அந்த நாலுக்குள் அடக்கம். கணக்கில் வேண்டாம் என்று கீழே ஒதுக்கிய இரண்டு கட்டங்களில்தான் மீதி 96-ம் இருந்தது.

அந்த ஆண்டு அறிக்கையில் 'மான்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று ஒரு வரி போனது. பொய் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை மாறவில்லைதான். இத்தனை தலை என்று எண்ணும் அறிக்கைகளில், எத்தனை மணிக்கு வந்தது என்பதற்கு இடமே இருப்பதில்லை. நேர வரைபடத்தையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடினேன், பின்னிணைப்பில் சேர்த்தார்கள். அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்தது. மனிதப் படங்களை அழிப்பதற்கு முன், அவை எடுக்கப்பட்ட நேரத்தை மட்டும் அட்டவணையில் தனிப் பத்தியாக எழுதி வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். முகம் வேண்டாம், மணி போதும்.

அந்தப் பத்தியை நிரப்புவதும் என் வேலையானது. ஓடைக்கரைக் கேமராவின் வரிசையில் முதலில் எழுதியது முற்பகல் 10.05. அது அந்தக் கார்டின் முதல் படம். நடைப்பயணி யாரும் இல்லை. புது பேட்டரி போட்டுவிட்டு, சரளைக் கற்கள் மேல் நான்கு காலில் நான் தவழ்ந்துகொண்டிருக்கிறேன்.