இரண்டு மாத்திரைகள் குறைந்தன

நோயாளி இறந்த வீட்டில் மிச்ச மருந்தைப் பற்றி எப்போது பேச்செடுப்பது? வீட்டுக்குப் போய் வலி நிவாரணம் பார்க்கும் பணியில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு இது பிடிபடவில்லை. அன்றே கேட்டால் இரக்கமில்லாதவள் என்று தோன்றும். நாள் தள்ளிக் கேட்டால், அதற்குள் மருந்து யார் கைக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் நான் அன்றே கேட்டேன். கேட்டது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அந்த அரைமணி நேரம் என்னை விடுவதாக இல்லை.

பெரியவருக்கு ஃபென்டனில் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் கடுமையான வலி மருந்து, மூன்று நாளுக்கு ஒன்று. இடையில் வலி கூடினால் மார்ஃபின் மாத்திரை. கொடுத்த நேரத்தை எழுத ஒரு நோட்டு. பகலில் மகள் பார்த்துக்கொள்வார். இரவில் கண்விழித்தது பேரன். பதினேழு வயதிருக்கும். தாத்தா முனகினால் எழுந்து மாத்திரை கொடுத்து, நேரத்தை எழுதிவிட்டுத்தான் படுப்பான். எத்தனையோ வீடுகளில் கிறுக்கலும் அடித்தலுமாக நோட்டைப் பார்த்திருக்கிறேன். அவன் எழுதியது கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அன்று அட்டைகளை மேசையில் பரப்பி எண்ணினேன். நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டு குறைந்தன. மறுபடி எண்ணினேன். அட்டையைத் திருப்பி, தாள் கிழிந்த குழிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன். அதே இரண்டு.

"ரெண்டு மாத்திரை கணக்குல வரல. எழுத எப்பவாவது விட்டுப்போச்சா?" என்று பொதுவாகத்தான் கேட்டேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையன்தான் பதில் சொன்னான். "கடைசி ராத்திரி தாத்தா ரொம்பக் கஷ்டப்பட்டாரு சிஸ்டர். எழுத மறந்திருப்பேன்."

சரி என்றேன். குறைந்த எண்ணிக்கையையும் அவன் சொன்ன காரணத்தையும் பதிவேட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே மகள் சொன்னார்: "தூங்காம அவன்தான் பாத்துக்கிட்டான். அவனையே நிக்க வெச்சுக் கணக்குக் கேக்குறீங்களே சிஸ்டர்."

"எல்லா வீட்லயும் இப்படித்தாம்மா செய்வோம்" என்றேன். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது எல்லா வீட்டையும் பற்றி அல்ல.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்டால், பலரும் ஏதோ இருட்டுச் சந்துகளைத்தான் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் எடுக்கும் போதைப்பொருள் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 2017-இல் இப்படிப் பயன்படுத்தியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடைசியாக அதை நண்பரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோ பெற்றதாகச் சொன்னார்கள். கேட்டு வாங்கியது, காசு கொடுத்து வாங்கியது, கேட்காமல் எடுத்தது எல்லாம் அதில் சேரும். ஆக, மருந்து வெளியே போகும் வாசல் பெரும்பாலும் வீட்டு அலமாரிதான். எடுப்பவர் துக்கம் கேட்க வந்தவராக இருக்கலாம், பையனின் வகுப்புத் தோழனாக இருக்கலாம். அவன் எடுத்தான் என்று நான் நினைக்கவே இல்லை. மருந்து எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குக் கவலை.

நினைக்கவே இல்லை என்று எழுதிவிட்டேன். நினைக்காமலா அட்டையைத் திருப்பி எண்ணினேன்? இந்த இடத்தில்தான் என் நியாயம் தடுமாறுகிறது. யாரையும் சந்தேகிக்காமல் எண்ணுவது என்று ஒன்று இருக்கிறதா? வங்கியில் காசாளர் நம் முன்னால் பணத்தை எண்ணினால் நாம் கோபப்படுவதில்லை. ஆனால் அங்கே நம் வீட்டில் யாரும் இறந்திருப்பதில்லை.

அந்த வாக்குவாதம் அடங்கிய பிறகு மகள் இன்னொன்று கேட்டார். பிரிக்காத பேட்சுகள் சில உறைக்குள் அப்படியே இருந்தன. "இத மட்டும் விட்டுட்டுப் போங்க. அம்மாவுக்கு முட்டி வலி தாங்க முடியல, ஒண்ணு ஒட்டிப் பாக்கலாம்ல?" பாசத்தில் கேட்ட கேள்வி. ஆனால் அன்று என் காதில் விழுந்ததிலேயே ஆபத்தானதும் அதுதான். பெரியவரின் உடம்பு மாதக்கணக்கில் இந்த மருந்துக்குப் பழகியிருந்தது. அவருக்கு வலி குறைத்த அளவு, பழகாத ஒருவருக்கு மூச்சை மெதுவாக்கி நிறுத்தியேவிடும். தோல் வழியாக ஏறுவதால், பேட்சைப் பிய்த்துப் போட்ட பிறகும் மணிக்கணக்கில் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். இதை அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்போ இத்தனை நாள் இதையா அலமாரியில வெச்சிருந்தோம்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவாவது அன்றே பேசியது நல்லது என்று சில நாள் தோன்றும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த அம்மாவின் முட்டியில் அது ஒட்டப்பட்டிருக்கும்.

பயன்படுத்திய பேட்ச் பற்றியும் பலருக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் ஒட்டியிருந்து எடுத்த பிறகும் அதில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். குப்பைக்கூடையில் கிடந்ததையோ, தூங்குகிறவர் மேலிருந்து கழன்று விழுந்ததையோ குழந்தை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளும், ஸ்டிக்கர் என்று கையில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் இப்படித் தெரியாமல் ஃபென்டனில் பேட்ச் பட்ட 26 நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்தது. 10 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலானவை இரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு நேர்ந்தவை.

பேட்சுகளை அழிக்கும்போது பையனையும் அருகில் கூப்பிட்டேன். கையுறை போட்டுக்கொண்டு உறையைக் கத்தரித்து, பின்தாளை உரித்து, பசைப் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து அழுத்த வேண்டும். ஓரம் சரியாக ஒட்டவில்லை என்றால் நகத்தால் நீவிவிட வேண்டும். மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து அவற்றோடு கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டது அவன்மேல் நம்பிக்கை இருப்பதைக் காட்டத்தான். அவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்தால், பூட்டுப் போடுவதை நிற்க வைத்துக் காட்டியது போல இருந்திருக்குமோ என்று இருக்கிறது.

கழிப்பறையில் போடலாமா என்று பணியிடத்திலேயே வாக்குவாதம் நடக்கும். மருந்து நீர்நிலைக்குப் போகக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ரத்த அழுத்த மாத்திரை, ஆன்டிபயாடிக் போன்றவற்றைத் திரும்பப் பெறும் மையம் இருந்தால் அங்கே கொடுப்பதே நல்லது. இல்லாவிட்டால் மண்ணோடோ பயன்படுத்திய காபித்தூளோடோ பிசைந்து, பையில் கட்டி, பெயர் உள்ள சீட்டைக் கிழித்துவிட்டுக் குப்பையில் போடலாம். ஆனால் ஒரே ஒரு அளவில் ஆளைக் கொல்லக்கூடிய சில மருந்துகளுக்கு, உடனே திரும்பக் கொடுக்க வழியில்லை என்றால் கழிப்பறைதான் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. இந்தியாவின் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025-இல் இப்படி 17 மருந்துகளைக் குறிப்பிட்டது. இரண்டிலும் ஃபென்டனிலும் மார்ஃபினும் உண்டு. மீனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மருந்து அந்த வீட்டில் இன்னும் ஒரு இரவு இருப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

அமெரிக்காவில் 2018-இல் ஒரு சட்டம் வரும்வரை, இறந்தவரின் வீட்டில் மிஞ்சும் இத்தகைய மருந்தை எங்களைப் போன்ற செவிலியர் கையில் எடுத்து அழிக்கப் பொதுவாக அனுமதி இல்லை. குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். முன்பெல்லாம் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இப்போது, அந்த மகளே தன் கையால் மடித்துப் போட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காதோ என்றும் தோன்றுகிறது. அப்படி விட்டிருந்தால் அந்தப் பேட்சுகள் முட்டிக்குப் போயிருக்கும் என்பதும் நினைவுக்கு வருகிறது.

இதற்குப் பிறகு நானாக ஒரு மாற்றம் செய்தேன். மருந்து தொடங்கும் முதல் நாளே பூட்டுள்ள சிறு பெட்டி, சாவி ஒருவரிடம், வாரம் ஒருமுறை எல்லார் முன்னிலையிலும் எண்ணிக்கை, மிஞ்சினால் நாங்களே அழிப்போம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது. கடைசி நாளில் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது அல்லவா? சில வீடுகளில் நன்றாகவே நடந்தது. அப்புறம் ஒரு வீட்டில், நான் சொல்வதைப் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த நோயாளி, "மிஞ்சினாங்கறது நான் போனதுக்கு அப்புறம்தானே சிஸ்டர்?" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதனால் இப்போது பெட்டி, பூட்டு, எண்ணிக்கை பற்றி முதல் நாளே பேசுகிறேன். அழிப்பதைப் பற்றிச் சொல்ல, குடும்பத்தில் ஒருவரைத் தனியாக வாசல்வரை கூட்டிப் போகிறேன். நோட்டில் எழுத மறந்தால் மறந்தது என்று எழுதுங்கள், யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று இரவில் கண்விழிப்பவரிடம் சொல்கிறேன். இதை அந்தப் பையனிடமும் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாத்திரைகள் கணக்கில் வந்திருக்குமா? வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். இரண்டில் எதுவானாலும் நான் எண்ணியிருப்பேன்.