எட்டு வார நோட்டீஸ்

வேலையை விடத் துணிச்சல் வேண்டும் என்பார்கள். கடிதம் கொடுக்க எனக்கு அது தேவைப்படவில்லை. இரவு ஷிப்ட் முடிந்த காலை 7 மணி, தூக்கக் கலக்கம். சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறிவிட்டேன்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், 5 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் 8 வாரம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது மலேசியச் சட்டம். பினாங்கு பாயான் லெப்பாசில், மின்னணுச் சில்லு ஃபேக்டரியில் எனக்கு 14 வருடம். மனம் மாறுவதற்கு எட்டு வாரம் தாராளம்.

கேண்டீனில் ஓர் அக்கா தினமும் கேட்பார்: "பூ கட்டவா போறே? இபிஎப் என்னாகும்?" நியாயமான கேள்வி. இபிஎப் என்றால் ஊழியர் சேமநிதி; இங்கே சம்பளத்தில் என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி 13 போடுவார். சித்தியின் பூக்கடையில் எனக்கு யார் போடுவார்கள்? ராத்திரி மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துக்கொண்டே கணக்குப் போடுவேன். ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.

பூ மேல் எனக்குப் பெரிய காதல் என்றும் சொல்ல முடியாது. லீவு நாளில் கடையில் உட்கார்ந்தால் வாங்க வருகிறவர் முகம் தெரிகிறது, அவ்வளவுதான். 14 வருடம் நான் சோதித்த சில்லுகள் எந்த ஊரில் எந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று இன்றுவரை தெரியாது.

அம்மாதான் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயம். 1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி போய், பினாங்கில் வேலையில்லாமல் தவித்தவர்கள் ஏராளம். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. 1975இல், 18 வயதில், அம்மா ஃபேக்டரி பஸ் ஏறினார். குவீன் ஸ்திரீட்டில், 1833இல் எழும்பிய மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த தாத்தா, பெண்பிள்ளை ராத்திரி ஷிப்டுக்குப் போவதா என்று முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எந்தக் கடையை விட்டு அம்மா ஓடினாரோ, அதே கடைக்குத்தான் நான் போகிறேன். இதை அவரிடம் எந்த வாயால் சொல்வது?

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தேன். வாழைநார் மூன்றாவது முறையாக அறுந்தது. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நாரைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலில் சுற்றி, சாமந்தியை வைத்து இழுத்தார். பார்வை என்னவோ டிவியில். நான் ஒரு முழம் முடிப்பதற்குள் அவர் கையில் மூன்று முழம்.

"காஞ்ச நாரு அறுக்கத்தான் செய்யும். ஈரமா வச்சுக்கணும்டி."

"கோவமாம்மா?"

"உங்க தாத்தா ஒரு மாசம் பேசல," என்றார். "நான் ஆறு வாரம் ஓட்டிட்டேன்."

சொல்லிவிட்டு நான் கட்டியதைப் பிரிக்க ஆரம்பித்தார். இடைவெளி அதிகமாம்.